இலை சிறுத்தால் சந்தனம் போச்சு

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறு போகும் பேருந்து மறையூரை நெருங்கும்போது சாலையோரம் கம்பிவலை வேலி தொடங்கிவிடும். வேலிக்கு உள்ளே சந்தன மரங்கள். மரங்களைக் காக்க வனக் காவலர்கள் இரவும் பகலும் ரோந்து போகிறார்கள். இயற்கையாக முளைத்த சந்தனம் இத்தனை நெருக்கமாக மிஞ்சியிருக்கும் காடு தென்னிந்தியாவில் அபூர்வம் என்பதால், மறையூரில் ஒரு மரம் வெட்டப்பட்டாலும் அது செய்தி.

ஆனால் 1980-களில் இந்தக் காட்டுக்குள் நுழைந்த எதிரிக்குக் கோடரி தேவைப்படவில்லை. அது ஒரு நோய். வேலியின் கண்ணி வழியே தாராளமாகப் போய்வரும் பூச்சிகள் அதைப் பரப்புகின்றன.

வனத்துறையினர் இதை ‘ஸ்பைக்’ என்றே சொல்கிறார்கள். நோய் கண்ட மரத்தில் முதலில் இலை மாறும். வழக்கமான இலையில் பாதியாக, பிறகு கால்வாசியாகச் சிறுக்கும்; வெளிறி விறைக்கும். கணுக்களுக்கு இடையிலான தூரமும் குறைந்துபோவதால், தொங்க வேண்டிய இலைகள் கிளையைச் சுற்றி முள்போலக் குத்திட்டு நிற்கும். அத்தோடு பூ இல்லை, காயும் இல்லை. கருநீலப் பழம் தேடி வரும் பறவைகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. அவை எச்சமிட்டு முளைக்கும் கன்றுகளும் இல்லாமல் போகின்றன. மரம் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் பட்டுப்போகும்.

குடகில் இந்த நோய் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது 1899-இல். அப்போது சந்தனம் மைசூர் அரசின் பெரிய வருமானம். திப்பு சுல்தான் காலத்திலேயே ‘அரச மரம்’ என்று அறிவிக்கப்பட்டு, யார் நிலத்தில் முளைத்தாலும் அரசுக்கே சொந்தம் என்றிருந்த மரம் அது. அந்த வருமானம் கண்ணெதிரே காய்ந்தது. 1903 முதல் 1916 வரை மட்டும் குடகு, மைசூர் பகுதிகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அகற்றப்பட்டன. நோயின் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்கு மைசூர் அரசு 10,000 ரூபாய் பரிசு அறிவித்தது. அந்தக் காலத்தில் அது பெருந்தொகை.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காட்டுத் தீ என்றார் ஒருவர், வறட்சி என்றார் மற்றொருவர். சந்தனக் காடுகளில் புதராக மண்டிய உண்ணிச்செடிமேலும் பழி விழுந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் அரசுத் தாவரவியலாளர் சி.ஏ. பார்பர் 1903-இல் குடகு மரங்களைப் பற்றி அறிக்கை எழுதினார். பிற்காலத்தில் கோயம்புத்தூரில் கரும்பு இனவிருத்திக்கு அடித்தளம் போட்டவர் இவர்தான். சந்தனத்தின் வேர் பக்கத்து மரங்களின் வேரைப் பற்றிக்கொண்டு நீரும் உப்பும் உறிஞ்சுவதையும் பார்பர் நுணுக்கமாக ஆராய்ந்தார். புதிருக்கு முதல் நல்ல விடை 1917-இல் மைசூர் வேளாண் துறையின் லெஸ்லி கோல்மனிடமிருந்து வந்தது. நோயுற்ற கிளையை நல்ல மரத்தில் ஒட்டுக்கட்டினார்; நல்ல மரமும் நோயில் விழுந்தது. ஆக, தீயோ வறட்சியோ இல்லை, இது தொற்று.

தொற்றைச் சுமப்பது யார்? இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்த, அன்றைய வடசேலம் காடுகளில் ஆய்வாளர்கள் சந்தன மரத்தின் பூச்சிகளை வகைவாரியாகச் சேகரித்துச் சோதித்தார்கள். இலைச்சாற்றை உறிஞ்சும் ஒரு தத்துப்பூச்சி நோயைக் கடத்துவதாக 1941-இல் வெளியிட்டார்கள். கிருமி மட்டும் அப்போதும் கண்ணில் படவில்லை. ஜப்பானில் முசுக்கட்டைச் செடியில் 1967-இல் ஒரு புதுவகை நுண்ணுயிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்த பிறகே, 1969-இல் சந்தனத்திலும் அதே வகை இருப்பது உறுதியானது. இன்று அதன் பெயர் ஃபைட்டோபிளாஸ்மா: செல்சுவர் இல்லாத பாக்டீரியா.

பெயர் புதிதாகத் தோன்றினாலும் இந்த வகையறா நம் விவசாயிகளுக்குப் பழக்கமானதுதான். கத்தரியில் சிற்றிலை நோயும், எள்ளில் பூவெல்லாம் இலையாகிப்போகும் நோயும் ஃபைட்டோபிளாஸ்மாவின் கைவரிசையே. இலை தயாரிக்கும் உணவு வேருக்கு இறங்கும் குழாய்களில் இது குடியேறுகிறது. ஸ்பைக் கண்ட மரத்தின் இலையில் மாவுச்சத்து தேங்கிக் கிடக்கும். கீழே வேர் பட்டினி கிடக்கும். பக்கத்து மரத்தைப் பற்றியிருந்த உறிஞ்சிகள் செத்து, நீர் வரத்தும் நிற்கும்.

பாக்டீரியா என்று தெரிந்ததும் மருந்தும் முயன்று பார்த்தார்கள். மனிதர்களுக்குக் கொடுக்கும் டெட்ராசைக்ளினை அடிமரத்தில் துளையிட்டுச் செலுத்தியபோது சிறுத்த கிளையில் நல்ல இலை துளிர்த்தது. சில மாதங்கள்தான், மருந்தின் வேகம் அடங்கியதும் நோய் திரும்பிவிட்டது. காடு முழுக்க மரம் மரமாக ஊசி போட்டுக்கொண்டிருக்கவும் முடியாது. எனவே நோய்மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதே இன்றுவரை நடைமுறை.

இதற்கிடையே சந்தனத்தின் இருப்பிடமே மாறிக்கொண்டிருக்கிறது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998-இல் சந்தனத்தை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது. வயலோரம் சந்தனக் கன்று தலைகாட்டினால், வீண் வம்பு எதற்கு என்று பிடுங்கிப் போட்ட காலம் ஒன்று உண்டு. கர்நாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டத்தைத் திருத்தி, நிலத்தில் வளரும் சந்தனம் நிலக்காரருக்கே சொந்தம் என்றன. வெட்டுவதற்கு இன்றும் வனத்துறை அனுமதி வேண்டும். இருந்தாலும் ஏக்கர் கணக்கில் நடுகிறார்கள். கன்றுகள் லாரி ஏறி மாநிலம் விட்டு மாநிலம் போகின்றன. தத்துப்பூச்சி தாவிக் கடக்க முடியாத தூரத்தை லாரி ஒரே இரவில் கடந்துவிடும். தொற்றிய கன்று உடனே காட்டிக்கொடுக்காது என்பதால், நாற்றங்காலில் செழிப்பாகத் தெரிவதை மட்டும் நம்பி வாங்க முடியாது. விற்பனைக்கு வரும் கன்றுகளுக்கு மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் புனேயின் தேசிய செல் அறிவியல் மையமும் இந்த நோயை ஆராயக் கைகோத்திருக்கின்றன.

நோய் புகுந்த காட்டிலும் சில மரங்கள் பச்சைப்பசேல் என்று நிற்பதுண்டு. பூச்சி கடிக்காமல் தப்பியவையா, கடித்தும் தாங்கியவையா என்பது பார்வைக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி, அப்படிப்பட்ட மரத்தின் கன்றில் நோய்க்கிளையை வேண்டுமென்றே ஒட்டுக்கட்டிவிட்டுக் காத்திருப்பது. 1917-இல் கோல்மன் செய்த அதே வேலை. அடுத்த துளிர் எந்த அளவில் விரிகிறது என்று பார்க்க வேண்டும்.