முதுகில் ஜெட் இறக்கை: சிறுமலையிலிருந்து பறக்க முடியுமா?

முதுகில் இறக்கையைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் மலைகளுக்கு மேலே விர்ரென்று போகும் வீடியோ அடிக்கடி கைபேசிகளில் வலம் வருகிறது. பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது கிராபிக்ஸா?" திண்டுக்கல் பக்கத்து இளைஞர்கள் அடுத்துக் கேட்பது, "நம்ம சிறுமலையிலிருந்து குதித்தால்?" இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்களில் இன்ஜினீயரிங், பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் அதிகம். வெறும் ஆர்வக்கோளாறு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. அவர்களை மனதில் வைத்தே இந்த விளக்கங்கள்.

இது நிஜம்தானா?

நிஜம்தான். சுவிட்சர்லாந்து விமானி ஈவ் ரோஸி 2006-ல் ஜெட் இறக்கையோடு பறந்து காட்டினார். 2008 செப்டம்பர் 26 அன்று பிரான்ஸின் கலே கரைக்கு மேலே விமானத்திலிருந்து குதித்தவர், ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்தின் டோவரில் பாராசூட்டில் இறங்கினார். கடந்தது ஏறத்தாழ 35 கிலோமீட்டர், அதாவது திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வரையிலான தூரம். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. 2015-ல் அவரும் பிரான்ஸ் வீரர் வின்ஸ் ரெஃபேயும் துபாய் வானில் எமிரேட்ஸின் ஏ380 விமானத்துக்குப் பக்கத்திலேயே பறந்தார்கள்.

இத்தனூண்டு இறக்கை ஒரு ஆளைத் தூக்குமா?

வேகம் இருந்தால் தூக்கும். விஷயத்தின் உயிர்நாடியே இதுதான்.

ரோஸியின் இறக்கை முனைக்கு முனை சுமார் 2 மீட்டர். எரிபொருளோடு சேர்த்து எடை ஏறத்தாழ 55 கிலோ. ஆளையும் சேர்த்தால் 130 கிலோவைத் தாண்டும். அடியில் உள்ள நான்கு ஜெட் இன்ஜின்களும் ஒவ்வொன்றும் 22 கிலோ அளவுக்குத் தள்ளும். மொத்தம் 90 கிலோகூட வராது. எடையைவிட உந்துவிசை குறைவு என்பதால் இன்ஜின்கள் அவரை நேராக மேலே தூக்கவே முடியாது. அவை முன்னால் தள்ளுகின்றன. அந்த வேகத்தில் பாயும் காற்றுதான் இறக்கையைத் தூக்கிப் பிடிக்கிறது. இறக்கை சிறியது என்பதால் வேகம் அதிகம் வேண்டும். ரோஸி பறந்தது மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில். வேகம் விழுந்தால் இறக்கை வெறும் சுமைதான்.

புறப்படும் விதத்தையும் பாருங்கள். விமானத்தின் அல்லது ஹெலிகாப்டரின் ஓரத்தில் இருந்தபடியே ரோஸி இன்ஜின்களை உயிர்ப்பிக்கிறார். சின்ன மின்மோட்டார் உள்ளிருக்கும் சுழலியைச் சுற்றிவிட, எரிபொருள் பற்றிக்கொள்கிறது. முழு வேகத்தில் அந்தச் சுழலி நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். நான்கும் ஒன்றுபோல ஓடுகின்றன என்று உறுதியான பிறகே தலைகுப்புற விழுகிறார். அந்த விழுதலில்தான் தேவையான வேகம் கிடைக்கிறது. கையில் இருப்பது இன்ஜினைக் கூட்டிக் குறைக்கும் திருகு மட்டுமே, ஸ்டியரிங் கிடையாது. தலையை, தோளைச் சாய்த்தால் அந்தப் பக்கம் திரும்புகிறார். முதுகை வளைத்தால் மேலேறுகிறார். விமானத்தின் வால் செய்யும் வேலையை அவர் உடம்பு செய்கிறது.

நம் ராணுவம் கேட்டது இதைத்தானா?

இல்லை. இந்திய ராணுவம் 48 'ஜெட் பேக்' உடைகள் வேண்டுமென்று 2023 ஜனவரியில் அறிவித்தது. அந்த வகை உடைக்கு இறக்கையே கிடையாது. பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் பிரவுனிங்கின் 'கிராவிட்டி' நிறுவனம் அத்தகைய உடையை 2023-ல் ஆக்ராவில் பறக்கவிட்டுக் காட்டியது. கைகளிலும் முதுகிலுமாக ஐந்து இன்ஜின்கள். உந்துவிசை ஆளின் எடையைவிட அதிகம் என்பதால் நின்ற இடத்திலிருந்தே எழும்பலாம். தோட்டத்தில் மோட்டாரைப் போட்டதும் தண்ணீர்க் குழாய் கையை உதறுமே, அந்த உதறலின் மேலேயே நிற்பது போன்ற வேலை இது. எடை முழுவதையும் இன்ஜினே சுமப்பதால் எரிபொருள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும்.

சரி, சிறுமலை? கொடைக்கானல்?

முடியாது. சிறுமலையின் பக்கங்கள் பெரும்பாலும் சரிவுகள், செங்குத்துப் பாறையல்ல. குதிப்பவருக்கு வேகம் பிடிக்க வெற்றுவெளி வேண்டும். இங்கே அதற்குள் மரமும் பாறையும் வந்துவிடும். ரோஸி ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் விமானத்திலிருந்து குதித்ததற்குக் காரணம் இதுதான்.

கொடைக்கானல் பாறைகளில் வேறு ஆபத்து: மேகம். 2009 நவம்பரில் ரோஸி மொராக்கோவிலிருந்து ஸ்பெயினுக்கு ஜிப்ரால்டர் நீரிணையைக் கடக்க முயன்றார். காற்றும் மேகமும் சேர்ந்துகொள்ள, பாராசூட்டில் கடலில் இறங்க நேர்ந்தது, ஹெலிகாப்டர் மீட்டது. அத்தனை அனுபவசாலிக்கே அந்த நிலை. நினைத்த நேரத்தில் மேகம் ஏறும் பழநி மலைத்தொடரில் எதிரே இருப்பது வெளியா, பாறையா என்று எப்படித் தெரியும்?

பாராசூட்தான் இருக்கிறதே, பிறகென்ன பயம்?

பாராசூட் விரிய உயரம் வேண்டும், உடம்பு ஓரளவாவது நிலையாக இருக்கவும் வேண்டும். வின்ஸ் ரெஃபே 2020 பிப்ரவரியில் துபாயில் தரையிலிருந்தே கிளம்பி 1,800 மீட்டர் உயரம் வரை போனார். முன்பு இருந்ததைவிட வலுவான இன்ஜின்கள். உலகமே வியந்தது. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று பயிற்சியில் இறந்துபோனார். சுமார் 800 அடி உயரத்தில் அந்தரத்தில் நின்று சுழன்றபோது கட்டுப்பாடு தவறியது. பாராசூட் விரிக்கப்படவே இல்லை. ஆயிரக்கணக்கில் குதித்துப் பழகிய மனிதர் அவர். இந்தச் செய்தியை வீடியோவோடு சேர்த்துப் பகிர்பவர்கள் குறைவு என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

நம் வெயில் ஏதாவது செய்யுமா?

செய்யும். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது காற்று லேசாகிவிடும். கடலோரத்தில் 15 டிகிரியில் இருக்கும் காற்றோடு ஒப்பிட்டால், கடல் மட்டத்திலிருந்து சுமார் 270 மீட்டர் உயரத்திலுள்ள நம் திண்டுக்கல் சமவெளியில் அடர்த்தி பத்து சதவீதம் போலக் குறைவு. இன்ஜினின் உந்துதல், இறக்கையின் தூக்குதல் இரண்டுமே குறையும். ஆடிக்காற்றில் பறக்கும் புழுதி, லட்சம் சுற்றுச் சுற்றும் சுழலிக்கு எமன்.

அனுமதி வாங்க வேண்டுமா?

கட்டாயம். காற்றின் எதிர்விசையால் வானில் நிற்கும் எந்த இயந்திரமும் சட்டப்படி 'வானூர்தி'. விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் வரம்புக்குள்தான் வரும். சொந்தத் தோட்டத்தில் பறந்தாலும் மேலே இருக்கும் வானம் சொந்தமில்லை.

விலை?

2018-ல் லண்டன் கடையொன்றில் கிராவிட்டி உடைக்குப் போட்ட விலை 3,40,000 பவுண்டு. அன்றைய மதிப்பில் மூன்று கோடி ரூபாய்.

நாங்களே செய்து பார்க்கக் கூடாதா?

இன்ஜினைப் படிக்கலாம். உடம்பில் கட்டக் கூடாது. சின்ன ஜெட் இன்ஜின் ஒன்றை இரும்பு ஸ்டாண்டில் போல்ட் போட்டு இறுக்கி, எத்தனை கிலோ தள்ளுகிறது, நிமிடத்துக்கு எவ்வளவு மண்ணெண்ணெய் குடிக்கிறது என்று அளப்பதே நல்ல புராஜெக்ட். வெளியேறும் புகையின் வெப்பம் 600 டிகிரிக்கு மேல் என்பதால் பின்பக்கம் யாரும் நிற்கக் கூடாது. சுழலி சிதறினால் துண்டுகள் பக்கவாட்டில் தெறிக்கும் என்பதால் பக்கத்திலும் நிற்கக் கூடாது. காதுக்குக் கவசம், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான், உடன் ஓர் ஆசிரியர். இறக்கையின் கணக்கை ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானத்தில் சோதிக்கலாம். அதற்கு முன் டிரோன் விதிகள் 2021-ஐ ஒருமுறை படித்துவிடுங்கள், எடையைப் பொறுத்துப் பதிவும் இயக்குபவருக்குச் சான்றிதழும் தேவைப்படும்.