பூட்டுக்கும் வேண்டும் பொது விதி

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. குறுகிய இடத்தில் இரு வாகனங்கள் எதிர்ப்பட்டால், இறங்கி வருபவர் நின்று, ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. கணினிக்குள்ளும் அத்தகைய விதி தேவை என்பதை, அம்மலையில் உள்ள ஒரு கல்வி நிலையத்தில் அண்மையில் உணர்ந்தேன்.

அங்கு மழைமானி ஒன்று, லினக்ஸ் கணினியுடன் கம்பிவழி இணைக்கப்பட்டிருந்தது. சில மாதங்களாக அதன் பதிவுகளில் அரைகுறை எண்களே இருந்தன. மழைமானி பழுதடைந்துவிட்டதாகவே அனைவரும் கருதினர். ஆராய்ந்தபோது, பிழை கணினியின் பூட்டுக்கோப்பில் இருந்தது தெரியவந்தது.

யுனிக்ஸ் மரபில் வந்த இயங்குதளங்களில், ஒரு கருவியைப் பயன்படுத்தத் தொடங்கும் நிரல் முதலில் சிறு கோப்பு ஒன்றை உருவாக்கும். 'கருவி இப்போது என் பயன்பாட்டில் உள்ளது' என்பதே அதன் பொருள். மற்ற நிரல்கள் அதைக் கண்டு காத்திருக்க வேண்டும். இக்கோப்புகளுக்கெனப் பொதுவான கோப்பகம் ஒன்று உண்டு. அதில் யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்பதை அனுமதி எண்கள் தீர்மானிக்கின்றன.

0755 என்றால் 'ரூட்' எனப்படும் தலைமை நிர்வாகி மட்டுமே எழுத முடியும். 0777 என்றால் எவரும் எழுதலாம்; பிறர் வைத்த பூட்டை எவரும் அழிக்கவும் செய்யலாம். 1777 என்பதில் முன்னிற்கும் ஒன்றுக்கு 'ஸ்டிக்கி பிட்' என்று பெயர். அது இருந்தால் எவரும் பூட்டு வைக்கலாம். ஆனால், ஒரு பூட்டை அதன் உரிமையாளரோ, கோப்பகத்தின் உரிமையாளரோ, தலைமை நிர்வாகியோ மட்டுமே அகற்ற முடியும்.

அக்கல்வி நிலையத்தில், 'அனுமதி மறுக்கப்பட்டது' என்ற செய்தியால் சலித்த ஒருவர், கணினி தொடங்கும்போதெல்லாம் 0777 அமையுமாறு செய்துவிட்டார். பிறகு அவசரப்பட்ட ஒரு மாணவர், குறுக்கே நின்ற பூட்டை அழித்துத் தம் நிரலை இயக்கினார். மழைமானி அனுப்பிய எழுத்துகளை இரு நிரல்களும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன.

அதற்காக எல்லோருக்கும் திறப்பதும் தீர்வாகாது. 1777 இருந்தாலும், எவரோ ஒருவர் எண்ணற்ற கோப்புகளை உருவாக்கி இடத்தை நிரப்பிவிட முடியும். இத்தகைய அச்சத்தால்தான் 2025-இல் வெளிவந்த 'சிஸ்டம்டி' 258-ஆம் பதிப்பு, இக்கோப்பகத்தை 0755 ஆக்கியது. பழைய நிரல்களை நம்பியிருந்தோர் அதனால் இடர்ப்பட்டனர்.

நாங்கள் நடுவழியைத் தேர்ந்தோம். மழைமானியைக் கையாளும் கணக்குகளை ஒரு குழுவாக்கி, அக்குழுவுக்கு மட்டும் 1775 என்ற அனுமதியை அளித்தோம். இக்கோப்பகம் நினைவகத்தில் இருப்பதால், கணினி அணைந்ததும் மறைந்துவிடும். எனவே, தொடக்க அமைப்புக் கோப்பிலும் அவ்விதியை எழுதிவைத்தோம்.

இப்போது பதிவுகள் சீராக உள்ளன. ஆனால், இடைப்பட்ட மாதங்களில் பெய்த மழையின் கணக்கு திரும்பக் கிடைக்காது. பொதுச் சொத்தை அனைவருக்கும் திறந்துவைப்பது எளிது. ஒருவர் உரிமையை மற்றவர் அழிக்காத விதியையும் உடன் வகுத்தால்தான் அது பொதுச் சொத்தாக நீடிக்கும்.