ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்து

ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா என்ற பரம்பரைக் கண்நோய் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும். முதலில் இருட்டில் கண் தெரியாது. பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கிக்கொண்டே வரும். முற்றிய நிலையில் சிலருக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாமல் போய்விடும். விழித்திரையில் ஒளியை வாங்கும் கோல் செல்களும் கூம்பு செல்களும் செத்துப்போவதுதான் காரணம். ஆனால் மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்லியான் செல்கள் அப்போதும் பெருமளவு உயிரோடு இருக்கின்றன. அனுப்புவதற்குச் செய்திதான் இல்லை. அவற்றையே நேரடியாக ஒளிக்குப் பதில் சொல்ல வைக்க முடியுமா? முடியும் என்று ஒரு சாயக் குடும்பத்து மூலக்கூறு சொல்கிறது.

பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் அமிலத்தைக் கண்டால் சிவக்கும் மெத்தில் ஆரஞ்சை எல்லோரும் பார்த்திருப்போம். அது அசோ சாயங்களில் ஒன்று. அந்த வகையின் எளிய மூலக்கூறு அசோபென்சீன். 1834-இல் ஜெர்மானிய வேதியியலாளர் மிட்சர்லிக் அதைத் தயாரித்தார். இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவே இரட்டைப் பிணைப்பில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள், அவ்வளவுதான். ஒளி பட்டால் இது வளைந்துகொள்ளும் என்பது நூறாண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வளைந்த வடிவத்தை 1937-இல் ஹார்ட்லி அறிவித்தார். புற ஊதா ஒளியில் வளையும். நீல ஒளியிலோ, இருட்டில் சும்மா விட்டாலோ மறுபடி நிமிரும். வளையும்போது நீளம் 9 ஆங்ஸ்ட்ராமிலிருந்து ஏறக்குறைய 5.5 ஆகக் குறைகிறது. நமக்கு அது ஒன்றுமில்லாத அளவு. ஆனால் புரதத்தின் உள்ளே இருக்கும் பள்ளத்தில் ஒரு மருந்து பொருந்துமா பொருந்தாதா என்பதை அந்த வித்தியாசமே முடிவு செய்துவிடும்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் எர்லாங்கர் இதை முதலில் பயன்படுத்திப் பார்த்தார். 1968-இல் கைமோடிரிப்சின் என்ற செரிமான நொதியின் வேகத்தை அவரது குழு ஒளியால் மாற்றிக் காட்டியது. 1971-இல் மின்விலாங்கின் மின்னுறுப்புச் செல்களையும் அதே முறையில் தூண்டியது. இவ்வளவு அருமையான வேலையைப் பிறகு முப்பது ஆண்டுகள் மிகச் சிலரே தொடர்ந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

2004-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ரிச்சர்ட் கிராமர், டர்க் டிரௌனர், எஹுட் ஐசகாஃப் மூவரும் நரம்புச் செல்லின் பொட்டாசியம் வாய்க்காலுக்குப் போனார்கள். நிமிர்ந்த மூலக்கூறு வாய்க்காலை அடைக்கும், வளைந்தால் விலகி வழிவிடும். பச்சை ஒளியில் மூலக்கூறு நிமிர்ந்து அடைத்ததும் நரம்பு துடித்தது. புற ஊதா ஒளியில் அது வளைந்து வழிவிட்டதும் நரம்பு அடங்கியது. அந்தப் பரிசோதனைக்காக வாய்க்கால் புரதத்தின் மரபணுவை அவர்கள் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது. பின்னால் வந்த மூலக்கூறுகளுக்கு அதுவும் தேவைப்படவில்லை. இதைத்தான் பெரிய முன்னேற்றமாக நான் கருதுகிறேன். இன்று பேர்பெற்ற ஆப்டோஜெனெடிக்ஸ் முறையில் பாசி போன்ற உயிரிகளின் மரபணுவை வைரஸ் மூலம் செல்லுக்குள் புகுத்த வேண்டும். ஒருமுறை புகுத்தினால் திரும்ப எடுக்க வழியில்லை. மருந்தோ சில நாளில் கரைந்துவிடும். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அடுத்த ஊசியை நிறுத்திவிடலாம்.

2012-இல் பார்வையிழந்த எலிகளின் கண்ணில் இத்தகைய மூலக்கூறு ஒன்றைச் செலுத்தியபோது அவை ஒளிக்கு எதிர்வினை காட்டத் தொடங்கின. அடுத்து வந்த மூலக்கூறுகளுக்குச் சாதாரண வெள்ளை ஒளியே போதுமானதாக இருந்தது. அவற்றிடம் இன்னொரு குணமும் தெரியவந்தது. கோல், கூம்பு செல்கள் அழிந்த விழித்திரையில்தான் அவை வேலை செய்தன. நல்ல விழித்திரையை மாற்றவில்லை. நோயால் கேங்லியான் செல்களின் சவ்வில் சில வாய்க்கால்கள் பெருகுகின்றன, அந்த வழியாகத்தான் மூலக்கூறு உள்ளே நுழைகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள்.

கண்ணுக்கு வெளியேயும் முயற்சிகள் நடக்கின்றன. தென்னாப்பிரிக்க மரம் ஒன்றிலிருந்து எடுத்த காம்பிரெட்டாஸ்டாட்டின், செல் பிரிவதைத் தடுக்கும் பொருள். 2015-இல் மியூனிக்கில் அதை அசோபென்சீன் வடிவில் மாற்றிச் செய்தார்கள். நீல ஒளி பட்ட செல்லில் மட்டும் பிரிதல் நின்றது. பக்கத்துச் செல் தன்பாட்டுக்குப் பிரிந்தது. கீமோதெரபி எடுப்பவருக்கு முடி கொட்டுவதும் குடல் புண்ணாவதும், மருந்துக்கு இடம் தெரியாததால் வருகிற துன்பம். அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்த ஆய்வின் அருமை புரியும். நெதர்லாந்தின் குரோனிங்கனில் பென் ஃபெரிங்காவின் குழு 2013-இல் செய்த ஆன்டிபயாட்டிக்கோ, ஒளி காட்டினால் வீரியம் பெற்று, சில மணி நேரத்தில் தானே அதை இழக்கிறது. உடலைவிட்டு வெளியேறும் ஆன்டிபயாட்டிக் சாக்கடையிலும் ஆற்றிலும் கிடந்து கிருமிகளை மருந்துக்குப் பழக்கப்படுத்துகிற காலத்தில், இந்த யோசனைக்கு இன்னும் கூடுதல் கவனம் கிடைக்க வேண்டும்.

பெரிய தடை தோல்தான். புற ஊதா ஒளி செல்லுக்குக் கெடுதி. நீல ஒளி சதைக்குள் அதிக தூரம் போகாது. சிவப்பு ஒளி ஓரளவு போகும். அதனால் டொரன்டோவில் ஆண்ட்ரூ வூலி போன்றவர்கள் வளையங்களின் ஓரத்தில் வேறு அணுக்களைச் சேர்த்து, சிவப்புக்கும் அசையும் மூலக்கூறுகளை உருவாக்கியிருக்கிறார்கள். ஆனாலும் கல்லீரலில் இருக்கும் கட்டிக்கு எப்படி விளக்குக் காட்டுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

கண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒளி உள்ளே போவதற்கென்றே ஏற்பட்ட உறுப்பு அது. சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்களுக்கு இப்போதே கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். இந்த மருந்துக்கும் அதே வழிதான். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா உள்ள ஆறு பேரிடம் கேஐஓ-301 என்ற மூலக்கூறைச் சோதித்தார்கள். மருந்து பாதுகாப்பானதா என்று அறிவதே முதல் நோக்கம். கடுமையான பாதிப்பு எதுவும் தெரியவில்லை. சிலருக்குப் பார்வையில் முன்னேற்றம் இருப்பதாகவும் அறிவித்தார்கள். ஆனால் ஆறு பேர் போதாது. மருந்து போடாதவர்களோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. அந்த முன்னேற்றம் மருந்தால் வந்ததுதானா என்பதை அப்படி ஒப்பிட்டு நடத்தும் பெரிய சோதனைதான் சொல்ல முடியும்.