தேறிய பில்டைத் திரும்பப் பிடிப்பது எப்படி?

சென்னை சாத்தாங்காடு இரும்பு எஃகுச் சந்தைக்கு வரும் தரமான பிளேட் ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். எந்த உலை வார்ப்பில் அது பிறந்தது என்று சொல்லும் ஹீட் நம்பர் அது. கட்டுமான எஃகுக்கான ஐ.எஸ். 2062 தரநிலை இப்படியோர் அடையாளத்தைக் கேட்கிறது. மில் தரும் டெஸ்ட் சர்டிபிகேட்டிலும் அதே எண்தான். ஒரு பிளேட் விரிசல் விட்டால், அதன் கூடப் பிறந்தவை எந்தெந்தப் பட்டறைக்குப் போயின என்று இந்த எண்ணை வைத்தே தேட முடியும். அப்படித் தேடப்படுபவை எல்லாம் டெஸ்டில் தேறியவை. தேறாதது மில்லைத் தாண்டியிருக்காது. தேறியதையும் திரும்பத் தேட வேண்டிவரும் என்பது, தரமணியிலும் ஓ.எம்.ஆரிலும் மென்பொருள் தயாரிப்பவர்கள் அதிகம் யோசிக்காத விஷயம்.

புரோகிராமர் கோடில் ஒரு மாற்றம் செய்து அனுப்பியதும், அதைத் தொகுத்து, சோதித்து, வெளியீட்டுக்குத் தயாராக்கும் தானியங்கி வேலை வரிசைதான் பில்ட் பைப்லைன். அது ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு பதிவு விழும்: எந்தக் கிளை, எந்த மாற்றம், யார் தூண்டியது, எப்போது, என்ன முடிவு. இந்தப் பதிவுகளைப் பட்டியலிட்டுச் சலித்துக் கொடுக்கவே, கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்ஹப்பில் ‘ஜிஎச் ரன் லிஸ்ட்’ என்ற கட்டளையும், மைக்ரோசாப்டின் அஷ்யூரில் ‘ஏஇசட் பைப்லைன்ஸ் ரன்ஸ் லிஸ்ட்’ என்ற கட்டளையும் இருக்கின்றன. சிவப்பாக நிற்பதை, அதாவது தோற்றதைக் கண்டுபிடிக்கத்தான் பலர் இவற்றைத் தட்டுகிறார்கள். ஆனால் பச்சையாகத் தேறிப் போனவற்றைத் திரும்பப் பிடிக்க வேண்டிய நாளில்தான் இவற்றின் முழு அருமையும் தெரியும்.

அப்படி ஒரு நாள் 2025 மார்ச் 14 அன்று வந்தது. 23,000-க்கும் மேற்பட்ட கோட் களஞ்சியங்கள் பயன்படுத்திவந்த ‘டிஜே-ஆக்‌ஷன்ஸ்’ தொகுப்பில், பைப்லைனில் சேர்த்துக்கொள்ளும் ஒரு பொதுத் துணுக்கில் யாரோ நச்சுக் கோடைப் புகுத்திவிட்டார்கள். பழைய பதிப்பு எண்களே நச்சு மாற்றத்தை நோக்கித் திருப்பப்பட்டிருந்தன. பைப்லைன் ஓடும்போது அந்த நச்சு, கடவுச்சொற்களையும் சாவிகளையும் ஓட்டத்தின் பதிவேட்டில் (லாகில்) கொட்டியது. பொதுக் களஞ்சியமென்றால் அந்தப் பதிவேட்டை யாரும் படிக்கலாம். இப்படிக் கொட்டுவதால் பில்ட் தோற்க வேண்டிய அவசியமே இல்லை. ‘தோற்றவற்றைக் காட்டு’ என்று கேட்டவருக்குப் பட்டியல் காலியாகவே வந்திருக்கலாம். தேதியை வைத்து மார்ச் 14, 15 ஆகிய இரண்டு நாள் ஓட்டங்களை எல்லாம் இழுத்து, ஒவ்வொன்றிலும் அந்தத் துணுக்கு இருந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கென்று பட்டியலில் தனிப் பத்தி கிடையாது. பதிவாகும் நேரமும் நம் கடிகாரப்படி இல்லை: சென்னையில் மார்ச் 15 அதிகாலை மூன்று மணிக்கு ஓடியது, பட்டியலின் மூலத் தரவில் மார்ச் 14 இரவு ஒன்பதரை என்றுதான் நிற்கும்.

தோல்வியைத் தேடும்போதுகூடப் பட்டியல் கேட்டதை மட்டுமே தரும். கிட்ஹப் கட்டளை, எண்ணிக்கை சொல்லாவிட்டால், 20 ஓட்டங்களோடு நின்றுவிடும். ‘தோல்வி’ என்று சலித்தால் நேரம் கடந்து நின்றுபோனவை வராது. அவற்றின் முடிவுக்கு வேறு பெயர். அஷ்யூரிலோ ‘பாதி வெற்றி’ என்று தனி முடிவே உண்டு. எனக்கு இன்னும் பெரிய உறுத்தல் மறு ஓட்டம். ஒருமுறை தோற்றதைத் திரும்ப ஓட்டித் தேறிவிட்டால், பட்டியலில் அதே எண்ணில் பச்சை நிற்கும். முதல் முயற்சியின் சிவப்பு உள்ளே புதைந்துவிடும். கூகுள் 2016-இல் சொன்ன கணக்குப்படி, அங்கே சுமார் 16 சதவீதச் சோதனைகளில் ஏதோ ஓர் அளவு நிலையின்மை இருந்தது. தேறிக்கொண்டிருந்த சோதனை திடீரென்று தோற்ற சம்பவங்களில் 84 சதவீதத்தில் நிலையற்ற சோதனையே சம்பந்தப்பட்டிருந்தது. ‘இன்னொரு தடவை ஓட்டு’ என்ற பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் விளங்கும். முயற்சி எண்ணையும் சேர்த்துக் கேட்டால்தான் அந்தப் பழக்கம் வெளிச்சத்துக்கு வரும்.

தோற்றால் மெயில் வருகிறதே, போதாதா என்று கேட்பார்கள். தோல்விக்கு மெயில் வரும், சரி. தேறியதன் பின்னால் ஒளிந்திருப்பதற்கு எந்த மெயிலும் வராது. பிரவுசரிலேயே சலிக்கலாமே என்பது நியாயமான கேள்வி. பத்து ஓட்டங்களுக்கு அது போதும். நாற்பது களஞ்சியங்களில் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டுமென்றால் கட்டளையின் விடையை அப்படியே ஸ்கிரிப்டுக்கு ஊட்டுவதுதான் வழி. ஐந்து பேர் கொண்ட கம்பெனிக்கு இவ்வளவும் எதற்கு என்பவர்களோடு பாதி உடன்படுகிறேன். தனிக் கருவி கட்ட வேண்டாம். கட்டளை ஏற்கெனவே இருக்கிறது.

பதிவே அழிந்துவிட்டால் எந்தச் சல்லடையும் உதவாது. கிட்ஹப் பதிவேடுகளை இயல்பாக 90 நாள் வைத்திருக்கும். அவ்வளவு அவகாசம் போதாத சம்பவமும் உண்டு. சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியின் பில்ட் இயந்திரத்தில் புகுந்த நச்சு நிரல், தொகுக்கும் நேரத்தில் மூலக் கோப்பை மாற்றிவைத்தது. பில்ட் தோற்றுக் காட்டிக்கொடுத்துவிடாதபடி அதிலேயே தற்காப்பும் எழுதியிருந்தார்கள். கெட்டுப்போன அப்டேட்டுகள் 2020 மார்ச்சில் வெளியாகத் தொடங்கின. விஷயம் அம்பலமானது டிசம்பரில்.