நிலக்கரிக்கு என்ன விலை?

பழனிசெட்டிபட்டியில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொருளியல் நடத்துகிறேன். பருவநிலை மாற்றம் என்றதும் அவர்கள் மரம் நடுவதைச் சொல்வார்கள். நான் விலையில் தொடங்குவேன்.

ரயில் எஞ்சினின் தீப்பொறி பக்கத்துக் காட்டை எரித்தால், அந்த நஷ்டம் டிக்கெட்டில் சேராது. 1920இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆர்தர் பிகு இதைச் சுட்டிக்காட்டினார். பிறர் தலையில் விழும் நஷ்டத்தை வரியாக வசூலிக்கலாம் என்றார். நிலக்கரிப் புகையும் அப்படித்தான். பருவம் தப்பிய மழையில் பழம் வெடித்துப்போன கம்பம் திராட்சை விவசாயியின் நஷ்டம் எந்த மின் கட்டணத்திலும் ஏறுவதில்லை.

இந்தியா 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய எரிசக்தி வரி போட்டது. 2016இல் அது 400 ரூபாய். 2014 முதல் 2018 வரை மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தவர், சென்னையில் பள்ளிப் படிப்பு படித்த அரவிந்த் சுப்பிரமணியன். பெட்ரோல், டீசல் வரியோடு சேர்த்து இந்த நிலக்கரி வரியும் ஒரு கார்பன் வரிதான் என்று 2014-15 பொருளாதார ஆய்வறிக்கையில் விளக்கினார். நிலக்கரியைக் கைவிடுமாறு பணக்கார நாடுகள் நெருக்குவதையும் எதிர்த்தார். காற்றாலை, சூரிய மின்சாரத்துக்கு விலை போடும்போது, காற்றும் வெயிலும் ஓயும் நேரத்துக்கு மாற்று ஏற்பாடு வைக்கும் செலவையும் கணக்கில் சேர்க்கச் சொன்னார்.

அந்தச் செலவு எங்கள் பக்கத்தில் கண்ணுக்கே தெரியும். ஆடியில் கம்பம் கணவாய்க் காற்று ஆண்டிபட்டி, கண்டமனூர்க் காற்றாலைகளைச் சுழற்றித் தள்ளும். ஐப்பசிக்குள் ஓய்ந்துவிடும். 1958இல் தொடங்கிய லோயர்கேம்ப் நீர்மின் நிலையத்துக்கு அந்தக் கவலை குறைவு. பெரியாறு அணையில் தேங்கிய நீர் இருக்கிறது. அங்கே மின்சாரம் கொடுத்துவிட்டு வரும் தண்ணீர்தான் எங்கள் ஊரோரம் ஓடுகிறது.

காற்றைத் தேக்க முடியாது. மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். கோவை மாவட்டம் காடம்பாறையின் 400 மெகாவாட் நிலையம் இதற்காகக் கட்டியதுதான்.

இதற்கான பணம் நிலக்கரி வரியிலிருந்து வந்திருக்க வேண்டும். ஆனால் 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த 400 ரூபாய், மாநிலங்களின் வரி வருவாய் இழப்பை ஈடுகட்டும் கணக்குக்குப் போனது. 2025 செப்டம்பரில் அதுவும் நீங்கி, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது.

புகைக்காக வசூலாகும் பணம் நீரேற்று மின் நிலையங்களுக்கும் மின்பாதைகளுக்கும் போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்டு பில் கட்டும் குடும்பத்துக்கு அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும். போகும் இடம் தெரிந்தால் இந்த வரியை மக்கள் நியாயமென்று ஏற்பார்கள்.