பாலத்தைத் தாங்கும் ரப்பர்

மாணவர்களே, புக்கிட் மெர்தாஜாமுக்குத் தெற்கே பத்து காவானில் தொடங்கிப் பினாங்குத் தீவுக்குச் செல்கிறது இரண்டாவது பினாங்குப் பாலம். 2014இல் திறக்கப்பட்ட இதன் நீளம் 24 கிலோமீட்டர், அதில் 16.9 கிலோமீட்டர் கடலின் மேல்.

சுமத்ராவில் பெரிய நிலநடுக்கம் வந்தால் பினாங்கும் அதிரும். தூண்களின் அதிர்வு அப்படியே மேலே போனால் பாலம் சேதமடையலாம். அதனால் தூண்களுக்கும் சாலைத் தளத்துக்கும் இடையே இயற்கை ரப்பர் தாங்கிகளை வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அழிப்பானை மேசையில் அழுத்தி, பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். மேற்பகுதி நகரும், அடிப்பகுதி நகராது. தாங்கியும் இப்படித்தான் நெகிழ்கிறது. அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே வெப்பமாகிவிடும். மேலே குலுக்கல் குறையும்.

தோட்டங்களில் நம் முன்னோர் வெட்டிய பால்மரம் தரும் ரப்பர்தான், இன்று பாலத்தையும் காக்கிறது.