பின்னணிக்குப் போன குரல்: எம்.எல். வசந்தகுமாரியை முன்வைத்து

'சினிமாவுக்குப் போய்ட்டாங்க' என்று சொல்கிறோம். ரேடியோவுக்குப் போனார், வெளிநாட்டுக்குப் போனார் என்றும் சொல்வதுண்டு. ஆனால் இந்தப் 'போய்ட்டாங்க'வில் வேறொரு தொனி இருக்கிறது. கொஞ்சம் பெருமூச்சு, கொஞ்சம் பொறாமை, வீட்டைவிட்டு ஓடிப்போன பெண்ணைப் பற்றிப் பேசும்போது குரல் தாழுமே, அந்தத் தாழ்வு. அதே ஆள் மார்கழியில் சபா மேடையில் உட்கார்ந்தால் 'திரும்பி வந்துட்டாங்க' என்கிறோம். போவதும் திரும்புவதுமான இந்த வினைச்சொற்கள் நடுவில் ஒரு வேலி இருப்பதாக முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. அந்த வேலி எப்போது போடப்பட்டது, எந்தப் பக்கத்திலிருந்து போடப்பட்டது என்று கேட்டுப்பார்க்க எம்.எல். வசந்தகுமாரியைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவர் பாடிக்கொண்டிருந்தபோதுதான் அது எழும்பியது.

1928இல் பிறந்தவர். தாய் லலிதாங்கி இசை வேளாளர் மரபில் வந்த பாடகி, புரந்தரதாசர் பதங்களுக்குப் பேர்போனவர். தந்தை கூத்தனூர் அய்யாசாமி ஐயர். குரு ஜி.என்.பாலசுப்ரமணியம். இந்த ஜி.என்.பி. யாரென்றால், ஆங்கில இலக்கியம் படித்த பட்டதாரி, 1940இல் வந்த 'சகுந்தலை'யில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு ஜோடியாகத் துஷ்யந்தனாக நடித்தவர். அதாவது எம்.எல்.வி. 'போவதற்கு' முன்பே அவருடைய குருவே போய்விட்டு வந்திருந்தார். அவரைப் பற்றி யாரும் பெருமூச்சு விட்டதாகத் தெரியவில்லை. ஆணுக்கு அது அழகன் என்ற கூடுதல் பட்டம். அவ்வளவுதான்.

பெண்ணுக்குக் கணக்கே வேறு. மூன்று பெண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும். டி.கே. பட்டம்மாள் 1939இல் 'தியாக பூமி'க்கும், 1947இல் 'நாம் இருவர்' படத்துக்கும் பாடினார். ஆனால் தேசபக்தி, தெய்வபக்தி என்றால் மட்டும். காதல் பாட்டுக்கு மாட்டேன் என்பதில் அவர் உறுதி. எம்.எஸ். திரையில் முகம் காட்டி நடித்தார், கடைசியில் மீராவாகவே உருமாறி, 1947இல் அதன் இந்திப் பதிப்போடு சினிமாவை முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பக்தியின் பிம்பம். எம்.எல்.வி.க்கு இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. பிராமணக் குடும்பப் பெண் என்ற வேலியும் இல்லை, மீரா என்ற போர்வையும் இல்லை. அவர் காதல் பாட்டு, ஆட்டப் பாட்டு, தாலாட்டு எல்லாம் பாடினார். தேவதாசி முறையைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் வந்தது 1947இல். எம்.எல்.வி. 'ராஜமுக்தி'யில் பாடியது 1948இல். இரண்டுக்கும் நேரடியான காரண காரியத் தொடர்பை நான் கட்டப்போவதில்லை. ஆனால் இசை வேளாளப் பெண்களின் பாட்டும் உடலும் பொது வெளியில் எங்கே இருக்கலாம் என்று நாடே தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்த நேரம் அது.

அவர் ஏன் இவ்வளவு பாடினார் என்ற கேள்விக்குக் கலை சார்ந்த விடைகளை மட்டும் தேடுவது நம் விமரிசகர்களின் பழைய வியாதி. கணவர் விகடம் கிருஷ்ணமூர்த்தி உடல்நலம் கெட்டு நடிப்பை நிறுத்தியபின் குடும்பப் பாரம் அம்மாவின் தலையில் விழுந்ததைப் பற்றி மகள் ஸ்ரீவித்யா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். குரல் என்பது அந்த வீட்டில் உலையில் போட்ட அரிசி. இதை மறந்துவிட்டு 'கடத்தல்', 'எல்லை மீறல்' என்று நாம் கோட்பாடு பேசினால் அது வேடிக்கைதான்.

இனி குரலுக்கு வருவோம். பின்னணிப் பாடல் என்ற தொழில்நுட்பம் செய்தது என்ன? குரலை உடலிலிருந்து உரித்தெடுத்தது. முன்பு நடிக்கிறவரே பாட வேண்டும், பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும். 1940களின் பிற்பாதியில் இது மாறுகிறது. பாடுபவள் ஒருத்தி, உதட்டை அசைப்பவள் இன்னொருத்தி. பாடுகிற பெண் பார்க்கப்படாமலே காதலைப் பாடலாம் என்ற வசதி இதில் இருந்தது. பெண் குரலுக்கும் பெண் உடலுக்கும் நடுவே விழுந்த இந்தப் பிளவை அமந்தா வைட்மன் 2021இல் வெளிவந்த தன் நூலில் விரிவாகப் பேசுகிறார். ஆனால் எம்.எல்.வி. விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. மறுநாளே அவர் கச்சேரி மேடையில் பட்டுப்புடவையோடு முன்னால் உட்கார்ந்திருப்பார். அவருடைய குரலுக்கு ஏற்கனவே ஊரறிந்த ஓர் உடல் இருந்தது.

ரொலான் பார்த்தை இழுக்காமல் சிறுபத்திரிகையில் எழுதவே முடியாதா என்று கேட்கிறவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 1972இல் அவர் எழுதிய கட்டுரையொன்று, பாடுகிறவரின் உடல் பாட்டுக்குள் எங்கே கேட்கிறது என்று தேடுகிறது. அதைக் குரலின் சொரசொரப்பு என்று நான் தமிழில் சொல்லிக்கொள்வேன். ஜி.என்.பி. பாணியில் அந்தச் சொரசொரப்பு பிருகாவில் இருக்கிறது. ஒரு ஸ்வரத்தில் நின்று நிதானிக்காமல், ஸ்வரங்களின் சரத்தை மின்னல் வேகத்தில் உதிர்ப்பதுதான் பிருகா. தொண்டையின் பயிற்சி, பல வருஷத்து விடியற்காலைச் சாதகம், எல்லாம் அந்த ஒரு நொடியில் கேட்கும். அதை ஒளிக்க முடியாது. இந்தக் குரல் பழகியது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஆரம்பத்தில் சினிமா இந்தக் குரலுக்கு எல்லாக் கதவையும் திறந்துவிட்டது. 1951இல் 'மணமகள்'. சி.ஆர். சுப்பராமன் இசை. பி. லீலாவோடு சேர்ந்து பாடிய 'எல்லாம் இன்பமயம்' ராகமாலிகை, இன்றைக்கும் இரண்டு குரல்களின் போட்டியும் சிநேகமுமாக இனிக்கிறது. 1952இல் 'தாய் உள்ளம்' படத்தில் 'கொஞ்சும் புறாவே'. இந்த மெட்டு 1951இல் வந்த 'நவ்ஜவான்' இந்திப் படத்துக்காக எஸ்.டி. பர்மன் போட்டு லதா மங்கேஷ்கர் பாடியது. அப்படியே தமிழுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஜி.என்.பி.யின் சிஷ்யை லதாவின் மெட்டைப் பாடுகிறார்! இந்த ஒரு பாட்டில் பாதி நூற்றாண்டின் இசைச் சரித்திரம் அடங்கியிருக்கிறது என்பேன். லதாவின் குரலில் ஸ்வரங்கள் மெல்லிய கோடாக நேரே போகும். எம்.எல்.வி. அந்தக் கோட்டின் மேல் கவனமாக நடக்கிறார், கால் பழக்கம் அவ்வப்போது தெரிந்துவிடுகிறது. 1954இல் 'வைரமாலை'யில் திருச்சி லோகநாதனோடு 'கூவாமல் கூவும் கோகிலம்'. விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் ஆரம்பகாலக் காதல் டூயட். இதுவரைக்கும் அவர் குரல் கதாநாயகியின் காதலுக்கும் குரல்தான்.

பிறகு என்ன ஆயிற்று? 1956இல் வந்த 'மதுரை வீரன்' படத்தைப் பாருங்கள். ஜி. ராமநாதன் இசை. பத்மினி இரண்டு விதமாகப் பாடுகிறார். எம்.ஜி.ஆரோடு காதலிக்கும்போது 'நாடகமெல்லாம் கண்டேன்': குரல் ஜிக்கியுடையது. அரசவையில் ஆடும்போது 'ஆடல் காணீரோ': குரல் எம்.எல்.வி.யுடையது, ராகம் சாருகேசி. ஒரே நடிகை, ஒரே பாத்திரம், இரண்டு குரல். காதலிக்கும் உடலுக்கு ஒரு குரல், ஆடிக்காட்டும் உடலுக்கு இன்னொன்று. 1960இல் 'மன்னாதி மன்னன்' படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு 'ஆடாத மனமும் உண்டோ': மறுபடி பத்மினி, மறுபடி ஆட்டம். அதே வருஷம் 'ராஜா தேசிங்கு'வில் 'பாற்கடல் அலைமேலே': அதுவும் நாட்டியந்தான். இடையில் 1955 வாக்கில் பி. சுசீலாவின் குரல் தமிழ்க் கதாநாயகியின் குரலாக நிலைபெற்றுவிட்டது. வழுவழுப்பான, வயதே தெரியாத, எந்த வீட்டுப் பெண்ணுக்கும் பொருந்துகிற குரல். சுசீலாவைக் குறைத்துச் சொல்வதல்ல என் நோக்கம். அவரும் முறையாகச் சங்கீதம் படித்தவர். படித்ததன் தடயம் தெரியாமல் பாடும் திறமை அவருடையது, அதைத்தான் சினிமா கேட்டது.

ஆக, பழகிய குரல் ஆடல்மகளின் குரலாக ஒதுக்கப்பட்டது. சட்டம் போட்டு வீதியிலிருந்தும் கோயிலிலிருந்தும் அகற்றியதைச் சினிமா செட்டுக்குள் அரசவையாகக் கட்டி, அங்கே அந்தக் குரலைக் குடியமர்த்தினார்கள். தமிழ் எம்.ஏ. வகுப்பில் அரங்கேற்று காதையை நடத்தும்போது ஆடலாசிரியன் அமைதி, இசையாசிரியன் அமைதி, யாழாசிரியன் அமைதி என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டோம். மாதவி கானல்வரியில் வாய்திறந்து பாடியதும் கோவலனுக்கு ஏன் சந்தேகம் வருகிறது என்று மட்டும் யாரும் நின்று கேட்கவில்லை. நன்றாகப் பழகிய பெண் குரல் யாரையோ நினைத்துத்தான் பாடும் என்ற பயம் நமக்குப் புதிதல்ல.

இதைப் பிராமணியத்தின் சதி என்று ஒற்றை வரியில் முடித்துக்கொள்ள நம் தோழர்களுக்கு ஆசை வரும். எனக்கு அது போதவில்லை. சபாக்களின் சுத்த சங்கீதச் சொல்லாடல் வேலியின் ஒரு பக்கம்தான். மறுபக்கத்துக் கம்பிகளை அடித்தது, குடும்பப் பெண்ணைத் திரையின் மையத்தில் நிறுத்திய நம்முடைய வெகுஜன சினிமா, திராவிட இயக்கத்தார் எழுதிய படங்களும் சேர்த்துத்தான். இடையில் அரசாங்கமும் தன் பங்குக்கு ஒரு கல் நட்டது. 1952இல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு ஏறக்குறைய ஒழிந்தது. 1957இல் விவித் பாரதி வரும்வரை ஜனங்கள் இலங்கை வானொலியைத்தான் திருப்பினார்கள். எம்.எல்.வி.யின் கீர்த்தனை கேட்க ஒரு நிலையம், எம்.எல்.வி.யின் சினிமாப் பாட்டு கேட்கக் கடல்தாண்டி இன்னொரு நிலையம். ஒரே தொண்டைக்கு இரண்டு நாடு.

தமிழிசை என்ற பெயரில் 1943இல் சங்கம் வைத்துச் சண்டை போட்டோம். சபாக்களில் தமிழ்ப் பாட்டு கடைசியில் துக்கடாவாக எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த அதே காலத்தில், டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் சிம்மேந்திரமத்யமத்தையும் சாருகேசியையும் பெயர் தெரியாமலே தமிழில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தமிழிசை வரலாறு எழுதியவர்கள் இந்த மணலைக் கணக்கில் சேர்க்கவேயில்லை.

எம்.எஸ்.ஸுக்கு 1968இல், பட்டம்மாளுக்கு 1970இல், எம்.எல்.வி.க்கு 1977இல் சங்கீத கலாநிதி. 1990இல் அவர் இறந்தார். சங்கீதக்காரர்கள் எழுதும் அஞ்சலிகளில் புரந்தரதாசர், விவாதி ராகங்கள், பல்லவி, சிஷ்யைகள் என்று பக்கம் நிறையும், சினிமா ஒரு வாக்கியம். சினிமாக்காரர்கள் எழுதினால் சுசீலாவுக்கு அத்தியாயம், எம்.எல்.வி.க்கு 'கர்நாடக சங்கீதப் பாடகி பாடிய சில பாடல்கள்'. இரண்டு வரலாறும் அவரை மற்றதற்குத் தள்ளிவிடுகின்றன.

இன்றைக்குக் கடப்பது சுலபமாகிவிட்டது என்கிறார்கள். 1994இல் 'காதலன்' படத்துக்கு உன்னிகிருஷ்ணன் பாடினார், தேசிய விருது வாங்கினார். 1998இல் 'ஜீன்ஸ்' படத்தில் நித்யஸ்ரீ மகாதேவன் 'கண்ணோடு காண்பதெல்லாம்' பாடினார், காதல் பாட்டு பாட மாட்டேன் என்ற பட்டம்மாளின் பேத்தி! 2001இல் 'மின்னலே' படத்தில் பம்பாய் ஜெயஸ்ரீயின் 'வசீகரா'. 2023இல் அவருக்குச் சங்கீத கலாநிதி, யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் 'வசீகரா'வைக் கவனித்துக் கேளுங்கள். மைக்குக்கு மிக அருகில், தாழ்ந்த ஸ்தாயியில், மூச்சோடு மூச்சாக. பிருகா கிடையாது, கமகம் பெயருக்கு. லால்குடி ஜெயராமனிடம் பயின்ற பயிற்சி முழுக்க அடக்கத்துக்குச் செலவாகிறது. பாட்டு எனக்குப் பிடிக்கும், ராத்திரி நேரங்களில் ரொம்பவே பிடிக்கும். ஸ்டுடியோ வாசலில் செருப்போடு சேர்த்துப் பாணியையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகிறவருக்கு வேலிக்காரர்கள் தாராளமாக வழிவிடுகிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். எம்.எல்.வி. கழற்றாமல் போனார்.

'மணமகள்' படத்தில் இன்னொரு பாட்டும் உண்டு. பாரதியின் 'சின்னஞ்சிறு கிளியே', வி.என். சுந்தரத்தோடு எம்.எல்.வி. பாடியது. அதை ராகமாலிகையாக மெட்டமைத்த சுப்பராமன் அடுத்த வருஷமே, 28 வயதில் இறந்துபோனார். இன்று சபாக்களில் மங்களத்துக்குச் சற்று முன்னால், சீட்டு வந்தோ வராமலோ, அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். பெரும்பாலும் அதே சினிமா மெட்டில்தான். அறிவிக்கும்போது பாரதியார் பாடல், ராகமாலிகை என்பார்கள். கூட்டம் தலையாட்டும். சுப்பராமன் பெயரை எந்த மேடையிலும் நான் இதுவரை கேட்டதில்லை.